ஒரு தேக்கு மேசை, இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு பீரோ: 22,000 ரூபாய் பட்ஜெட்டில் ஒரு கூடத்தை நிரப்பிய கதை

திருச்சியிலிருந்து சென்னைக்குக் குடிமாறியது ஒரு செப்டம்பரில். பெரம்பூரில் வாடகை வீடு, முதல் மாடி, 14 அடிக்கு 11 அடியில் ஒரு கூடம். திருச்சியில் இருந்த எழுதுமேசையையும் அலமாரியையும் கொண்டு வரவில்லை. கொண்டு வரும் நிலையில் அவை இல்லை என்பதுதான் உண்மை. இரண்டுமே மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. குளியலறைச் சுவரில் கசிந்த தண்ணீர் ஒரு மாதம் காலடியில் நின்றது. அடிப்பகுதி டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பி உதிர்ந்தது. திருகாணியை இறுக்கப் போனால் தூளாகக் கொட்டியது. வாங்கி நாலு வருஷம்கூட ஆகவில்லை.

இந்த முறை பழைய மரச்சாமான்தான் என்று முடிவு செய்தோம். கையிருப்பு 22,000 ரூபாய். அதற்குள் எழுதுமேசை, இரண்டு நாற்காலி, துணி வைக்க பீரோ, ஒரு டீப்பாய், தரைக்கும் ஜன்னலுக்கும் ஏதாவது. எனக்குக் கணக்கு எழுதுவதே வேலை என்பதால் வாங்கிய உப்புத்தாள் வரை எல்லாம் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எது சரியாக வந்தது, எது கெட்டது, எதை நாங்களே கெடுத்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மூன்றாவது வகைதான் அதிகம்.

வாங்கும் முன்

பழைய மரம் என்றதும் எல்லோரும் சொல்வது காரைக்குடி. ஒரு கல்யாணத்துக்குப் போனபோது முனீஸ்வரன் கோவில் தெருவில் அரை நாள் சுற்றினோம். தூண், நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை, எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி என்று கடை கடையாக அடுக்கியிருக்கிறார்கள். நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில் கப்பல் கப்பலாக வந்த தேக்கு அது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் சரிந்தது. பிறகு வாரிசுகள் ஊர் ஊராகச் சிதற, பராமரிக்க முடியாத வீடுகள் பிரிக்கப்பட்டு அந்தத் தெருவுக்கு வந்தன. பார்க்கப் பார்க்க ஆசைதான். ஆனால் அந்தத் தெருவுக்கு உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள். கடைக்காரர்களுக்குத் தங்கள் பொருளின் மதிப்பு நன்றாகத் தெரியும். நம் பட்ஜெட்டுக்கு ஒரு கதவுக் கைப்பிடி வாங்கலாம். வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

கடைசியில் வாங்கியது வடசென்னையில் ஒரு பழைய சாமான் கடையில். ஆபீஸ்களும் பழைய வீடுகளும் காலி செய்யும்போது மொத்தமாக எடுத்து வந்து குவித்து வைக்கும் கடை. தூசி, ஒட்டடை, நடுவில் ஒருவர் நடக்க மட்டும் வழி.

அங்கே நாங்கள் கற்றுக்கொண்டு போன பாடம் ஒன்றுதான்: முகத்தைப் பார்க்காதே, மூட்டைப் பார். கறை, கீறல், நிறம் மங்கியது எல்லாம் நம் கையால் சரிசெய்யக் கூடியவை. கால் ஆடினால், சட்டம் உளுத்திருந்தால், பழைய உடைப்பில் ஆணி அடித்துச் சமாளித்திருந்தால் அது ஆசாரி கூலி. மேசையை ஒரு மூலையில் பிடித்து மெல்லத் தூக்க வேண்டும். பக்கத்து மூலை ஒன்றும் கூடவே எழும்பினால் மூட்டு உறுதி. முறுக்கிக்கொண்டு நின்றால் உள்ளே பசை விட்டிருக்கிறது. இழுப்பறையை முழுக்க வெளியே எடுத்துப் பக்கப் பலகைகள் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். புறா வால் போல வெட்டிய விரல்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் அதைச் செய்தவருக்குத் தொழில் தெரியும். ஆணி மட்டும் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. கடைக்காரர் தேக்கு என்று சொன்னதை நம்பியே இரண்டு நாற்காலியை எடுத்தோம். அது தேக்குதான். ஆனால் தேக்கு என்றாலே பூச்சி அண்டாது என்பது பாதி உண்மை. எண்ணெய்ப்பசையுள்ள நடுமரம்தான் கரையானையும் உளுவண்டையும் தாங்கும். பட்டைக்கு அடுத்து வெளிறிய நிறத்தில் இருக்கும் வெளிமரத்தில் மாவுச்சத்து உண்டு. உளுவண்டுக்கு அது சாப்பாடு. ஒரு நாற்காலியின் பின்சட்டத்தில் அப்படி வெளிறிய பட்டை ஒன்று ஓடியது. உள்ளங்கையால் தட்டினேன். முகப்பவுடர் போல மெல்லிய மாவு கொட்டியது. துளை குண்டூசி முனை அளவு.

"அதெல்லாம் பழைய துளைம்மா, வண்டு எப்பவோ போயிடுச்சு" என்றார் கடைக்காரர்.

பழைய துளையில் மாவு கொட்டாது. கொட்டினாலும் மங்கிய நிறத்தில் இருக்கும். இது வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைக் காட்டியே இரண்டு நாற்காலியும் 1,800 ரூபாய்க்குக் கிடைத்தன. மேசை 4,500. நான்கு அடிக்கு இரண்டு அடி, இரண்டு இழுப்பறை, மேலே மைக்கறை, ஒரு கறுப்பு வளையம். இரும்பு பீரோ 3,200. கண்ணாடி ரசம் போயிருந்தது, அடி துருப்பிடித்திருந்தது. ஈட்டி மரம் என்று சொல்லி ஒரு டீப்பாய் 1,200. அதைப் பற்றி அப்புறம். குட்டி யானை வண்டிக்கும் ஏற்றி இறக்கியவர்களுக்கும் சேர்த்து 1,500. வீட்டுக்கு வந்து சேரும்போதே 12,200 தீர்ந்திருந்தது.

வண்டிச் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்கில் எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை. சாமான் விலையில் ஏழில் ஒரு பங்கு அது.

டீப்பாய் போன கதை

முதலில் கை வைத்தது சின்னச் சாமான் என்பதால் டீப்பாயில். கணவரின் நண்பரிடம் மின்சார உப்புத்தாள் இயந்திரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் 80 எண் சொரசொரப்புத் தாளைப் போட்டு ஓட்டினோம். பழைய பாலிஷ் பறந்தது. அடியில் கருஞ்சிவப்பு ரேகை தெரிந்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம், இந்த ஓரம் மட்டும் என்று ஓட்டிக்கொண்டே போனோம். பத்து நிமிஷத்தில் நடுவில் ஒரு வெளிர்மஞ்சள் தீவு எழுந்தது. முதலில் மரத்தின் இயல்பு நிறமோ என்று நினைத்தேன். தீவு பெரிதானது. ஈட்டி என்பது மேலே ஒட்டியிருந்த தோல். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அடியில் ஏதோ மலிவு மரம்.

தெரிந்துகொண்டிருக்க வழி இருந்தது. மேல்பலகையின் ரேகை ஓரத்தில் திரும்பி, வெட்டுமுகத்தில் தொடர்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். முழு மரம் என்றால் தொடரும். ஒட்டுப்பலகை என்றால் ஓரத்தில் வேறு ஒரு பட்டி தனியாக ஒட்டியிருக்கும். எடையும் சொல்லியிருக்கும். ஈட்டி தேக்கைவிடக் கனம். அந்த டீப்பாயை அத்தை ஒரு கையால் தூக்கி மாடிக்குக் கொண்டு வந்திருந்தார். அப்போதே விழித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். வெட்ட அனுமதி வாங்க வேண்டியிருந்த மரத்தை ஒருவர் 1,200 ரூபாய்க்கு எதற்குக் கொடுப்பார் என்றும் யோசித்திருக்கலாம்.

இயந்திரத்தை அன்றே திருப்பிக் கொடுத்தோம்.

சானிடைசர் சொட்டு

டீப்பாயில் சூடுபட்ட பிறகு மேசையைத் தொடவே பயம். பக்கத்துத் தெருவில் மரப்பட்டறை வைத்திருக்கும் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மேசையைச் சுற்றி வந்தார், முட்டி போட்டு அடியில் பார்த்தார், பிறகு என்னிடம், "கொரோனாவுல வாங்கின சானிடைசர் இருக்காம்மா?" என்றார்.

இருந்தது. எந்த வீட்டில்தான் இல்லை? மேசைக்கால் ஒன்றின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு அரை நிமிஷம் பொறுத்து விரலால் தேய்த்தார். பிசுபிசுத்தது. விரலில் பழுப்புக் கறை.

"அரக்குப் பாலிஷ். இதுக்கு இயந்திரமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

இந்தச் சோதனைதான் மொத்த வேலையிலும் நான் கற்றதில் மிகப் பயனுள்ளது. அரக்கு என்பது மரத்தில் வாழும் ஒரு பூச்சி சுரக்கும் பிசின். அது ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால். எனவே சொட்டு விட்ட இடம் ஒட்டினால் மேலே இருப்பது அரக்கு. ஒட்டாமல், பெயிண்ட் கடைத் தின்னருக்கு மட்டும் இளகினால் அது லேக்கர் என்ற வேறு வகைப் பூச்சு. இரண்டுக்கும் அசையாமல் இருந்தால் பியூ (பாலியூரித்தேன்), மெலமைன் போன்ற பிற்காலப் பூச்சு. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அரக்கு என்றால் சுரண்டவே வேண்டாம். புதிதாகப் போடும் பாலிஷ் பழையதைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். நூறு வருஷப் பூச்சின் மேல் இன்று ஒரு பூச்சு போட்டாலும் இரண்டும் ஒன்றாகிவிடும். பியூ போன்ற பூச்சுகளில் இது நடக்காது.

அதாவது மேசைக்குத் தேவைப்பட்டது பழையதை எடுப்பது இல்லை, கழுவுவது. துணி துவைக்கும் சோப்பைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தோம். தண்ணீர் காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. ஆறு வாளி. பிறகு கைபட்டுக் கைபட்டு ஏறிய எண்ணெய்ப் பிசுக்குக்கு டர்பன்டைன். அது அரக்கைத் தொடாது, பிசுக்கை மட்டும் எடுக்கும். சாயங்காலம் பார்த்தால் மேசை முக்கால்வாசி புதிதாகியிருந்தது. செலவு அதுவரை சோப்புக்கட்டியும் அரை பாட்டில் டர்பன்டைனும். இரண்டும் வீட்டில் இருந்தவை.

மைக்கறை போகவில்லை. அதைப் போக்கவும் நினைக்கவில்லை. எழுதுமேசையில் மை இருப்பதில் என்ன தப்பு? கறுப்பு வளையம் வேறு. ஈர இரும்பு டப்பா எதையோ வைத்து, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் கலந்து கறுத்தது அது. அந்த இடத்தில் மட்டும் பாலிஷை எடுத்து, ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துப் பஞ்சால் வைத்தார் அண்ணன். இரண்டாம் முறையில் வளையம் வெளுத்தது. பிறகு நல்ல தண்ணீரால் பலமுறை துடைத்தோம். அந்த அமிலம் விஷம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. காய்ந்து வெள்ளைப் படிகமாக நின்றதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மூக்குக்குள் இழுக்கவும் கூடாது.

ஒரு கால் லேசாக ஆடியது. பழைய பசை, வச்சிரம். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. மூட்டில் வெந்நீர் ஊற்றி நனைத்த துணியைச் சுற்றி வைத்ததும் அது இளகி, கழுந்து, அதாவது துளைக்குள் செருகியிருந்த முனை, கையோடு வந்தது. "இதுவே பெவிகால்ல ஒட்டியிருந்தா உடைச்சுத்தான் எடுக்கணும்" என்றார். நாங்கள் திரும்ப ஒட்டியது பெவிகாலில்தான். வச்சிரம் காய்ச்ச யாருக்கும் பொறுமை இல்லை. ஆனால் பழைய பசையை மரம் தெரியும் வரை சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்; பழசின் மேல் புதுசு பிடிக்காது. கயிறு கட்டிக் குச்சியால் முறுக்கி ஒரு நாள் அப்படியே வைத்தோம்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான் பிரெஞ்சு பாலிஷ். அதை வாங்கும் இடத்தில் ஒரு விசித்திரம். தமிழ்நாட்டில் ஸ்பிரிட்டை நினைத்தபடி கடையில் வாங்கிவிட முடியாது. குடித்துவிடுவார்கள் என்ற கவலையில் ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் மூன்றையும் கட்டுப்படுத்த 1959-இல் போட்ட விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளின் தலைப்பிலேயே பிரெஞ்சு பாலிஷ் என்ற பெயர் வருகிறது. மரத்துக்கான மெருகு மதுவிலக்கு விதிக்குள் உட்கார்ந்திருக்கிறது! வீடியோவில் வடநாட்டுக்காரர் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊற வைப்பதைப் பார்த்துவிட்டு அதையே செய்ய நினைத்திருந்தேன். அண்ணன் வழக்கமாக வாங்கும் உரிமம் உள்ள கடையில் கலந்த பாலிஷாகவே 2 லிட்டர் வாங்கினோம், 1,000 ரூபாய்.

பாலிஷை பிரஷ்ஷால் அடிப்பதில்லை. பஞ்சை உருட்டி, துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணியில் பொட்டணமாகக் கட்டி, பஞ்சுக்குள் பாலிஷை ஊற்றி, துணி வழியே கசிவதைத் தடவுவது. முதலில் சின்னச் சின்ன வட்டம், பிறகு எட்டு போல, கடைசியில் ரேகையோடு நீளமாக. பொட்டணம் எங்கேயும் நிற்கக்கூடாது. நின்ற இடத்தில் கீழே இருப்பதையும் கரைத்துப் பள்ளமாக்கிவிடும். விமானம் இறங்கி ஏறுவது போல ஓரத்தில் இறங்கி மறு ஓரத்தில் ஏற வேண்டும். பொட்டணம் இழுத்தால் அடியில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது என்று அண்ணன் இரண்டு முறை சொன்னார். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டி வைத்தால் தானே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்டோம்.

ஐப்பசி மழையும் அரக்கும்

அண்ணன் ஒரு நாள் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். "மழை விட்டப்புறம் போடும்மா" என்றும் சொல்லியிருந்தார். தீபாவளிக்கு நாத்தனார் குடும்பம் வருகிறது. எங்களுக்கு அவசரம். நவம்பர் முதல் வாரம், வெயில் அடித்த ஒரு மதியத்தில் மூன்று பூச்சு போட்டோம். கண்ணாடி மாதிரி வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து மணிக்கு மேகம் திரண்டது, ஆறு மணிக்கு மழை. ஒரு சொட்டுகூட மேசை மேல் விழவில்லை, ஜன்னலெல்லாம் சாத்தித்தான் இருந்தது. இருந்தாலும் சும்மா இருக்க மாட்டாமல் மழைக்கு நடுவில் நாலாவது பூச்சையும் போட்டேன்.

காலையில் மேசை முழுக்கப் பால் கொட்டியது போல வெளுத்திருந்தது.

காரணம் எளிது. ஆல்கஹால் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் படிந்து பூச்சுக்குள் சிறைப்படுகிறது. ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது போலத்தான். அழுதுகொண்டே போன் செய்தேன். சிரித்தார். "ஒண்ணும் பண்ணாதே. தொடாம வை. வெயில் அடிக்கட்டும்."

ஒன்பது நாள் அந்த வெள்ளை மேசையைப் போர்வை போட்டு மூடி வைத்தோம். நாத்தனார் போர்வையைத் தூக்கிப் பார்த்து, "இதுதான் இப்போ பேஷனா அண்ணி?" என்று கேட்டார். பத்தாம் நாள் வறண்ட வெயில். ரிச்சி தெருவில் போன் பழுதுபார்ப்பவர்கள் சர்க்யூட் பலகை துடைக்க வாங்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு லிட்டர் வாங்கி வைத்திருந்தோம், 300 ரூபாய். ஸ்பிரிட்டைவிட அது மெதுவாக ஆவியாகும், அதனால் ஈரத்துக்கு வெளியேற நேரம் கிடைக்கும். புதுப் பொட்டணத்தில் சில சொட்டு மட்டும் விட்டு, மேசையைத் தொட்டும் தொடாமலும் தடவினேன். கைக்குப் பின்னாலேயே வெள்ளை மறைந்து தேக்கின் நிறம் வந்தது. கூடத்தில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இந்த மாதிரிப் பிழையை இவ்வளவு எளிதாகத் திருத்திக்கொள்ள விடும் பூச்சு அரக்கு. பியூவில் இது நடந்திருந்தால் மறுபடி உப்புத்தாள்தான்.

அரக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. சூடான டம்ளரை நேராக வைத்தால் வெள்ளை வட்டம் விழும். எழுதுமேசைக்குப் பரவாயில்லை, டபராவோடுதான் காபி. சாப்பாட்டு மேசையாக இருந்தால் நானே அரக்கு வேண்டாம் என்றிருப்பேன்.

பிரம்பு

நாற்காலிகளில் முதலில் கிழிந்த பிரம்பை வெட்டி எடுத்தோம். பிறகு உளுவண்டுக்கு மருந்து: போராக்ஸும் போரிக் அமிலமும் 3-க்கு 2 வீதம் வெந்நீரில் கரைத்து, பின்சட்டத்தின் பாலிஷை எடுத்துவிட்டு வெறும் மரத்தில் பிரஷ்ஷால் மூன்று முறை. பாலிஷ் மேலேயே அடித்தால் உள்ளே இறங்காது, வீண். ஒரு வாரம் நிழலில் காய்ந்தது. அடியில் கறுப்புத் தாள் விரித்து வைத்து தினமும் பார்த்தேன். பதினெட்டு நாள் பார்த்தும் மாவு இல்லை.

பின்னியவர் பார்வையற்றோர் பள்ளியில் தொழில் கற்றவர். நம் ஊர்ப் பார்வையற்றோர் பள்ளிகளில் பிரம்பு பின்னல் நெடுங்காலமாகச் சொல்லிக் கொடுக்கும் தொழில். பழைய அரசு அலுவலகம் எதிலும் மூங்கில் நிறத்தில் நிற்கும் நாற்காலிகளில் பல அப்படிப் பின்னியவைதாம். அவர் வந்ததும் சட்டத்தின் துளைகளை விரலால் எண்ணினார். முன்பக்கம் ஒன்று அடைந்திருக்கிறது என்று சொன்னார். நான் நாலு நாளாகப் பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை.

பிரம்பு நாரை அரை மணி தண்ணீரில் ஊறப் போட்டார். நெடுக்கே ஒரு வரிசை, குறுக்கே ஒன்று, மறுபடி நெடுக்கே, மறுபடி குறுக்கே ஆனால் இந்த முறை மேலும் கீழுமாகக் கோத்து, பிறகு இரண்டு மூலைவிட்டம், கடைசியில் துளைகளை மறைக்க ஓரப் பட்டை. மூலைவிட்டம் விழுந்ததும்தான் சதுரங்கள் திடீரென்று எண்கோணமாகின்றன. அதுவரை வெறும் வலை. ஈர நார் காயும்போது இறுகும் என்பதால் பின்னும்போது விறைப்பாக இழுப்பதில்லை. இழுத்தால் காய்ந்த பிறகு அறுந்துவிடும்.

"அடிப்பக்கம் வார்னிஷ் அடிச்சிடாதீங்க மேடம். தொய்ஞ்சா அடியில ஈரத்துணி வெச்சு ராத்திரி விட்டுடுங்க, காலையில தானா இறுகிடும்" என்றார். மேல்பக்கம் வழவழப்பான தோல், ஈரம் இறங்காது, அடிப்பக்கம்தான் குடிக்கும். ஒரு நாற்காலிக்கு 1,400, நாரும் சேர்த்து. பிளாஸ்டிக் ஒயரில் பின்னினால் பாதிதான் ஆகும். அதில் உட்கார்ந்து எழுந்தால் சென்னை வெயிலில் முதுகில் கட்டம் போட்டிருக்கும், வேண்டாம் என்றோம். நாங்கள் கூலி கொடுத்ததில் கொஞ்சமும் யோசிக்காமல் கொடுத்தது இதற்குத்தான்.

பீரோ

பீரோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரும்புக்கு மரத்தைப் போல மனம் கிடையாது. நம் வீடுகளில் பீரோ என்றாலே ஒரு கம்பெனி பெயர்தான் வாயில் வரும். கோத்ரெஜ் தன் இரும்பு அலமாரியை 1923-இல் கொண்டு வந்தது. எங்களுடையது அது இல்லை, ஏதோ உள்ளூர்ப் பட்டறை. கதவு நேராக மூடியது, பூட்டு வேலை செய்தது. போதும்.

எச்சரிக்கை ஒன்று மட்டும். பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு எதிலும் ஈயம் இருந்திருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்கு மூளையைப் பாதிக்கும் விஷம். எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பெண். அதனால் மொட்டை மாடியில், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளால், மூக்கை மூடிக்கொண்டு செய்தோம். குழந்தையை அந்த இரண்டு நாளும் மாடிப்படி ஏறவே விடவில்லை. துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் ஒரு பூச்சு, எனாமல் ரோலரால் மெல்லிசாக இரண்டு பூச்சு. ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் வழிந்து கண்ணீர் கண்ணீராக நிற்கும்.

நான் கறுப்பு என்றேன். "கறுப்பு வேண்டாம்மா, கல்யாணமான வீடு" என்றார் அத்தை. கடலின் ஆழம் போல ஒரு நீலத்தில் சமரசம் ஆனது. இப்போது பார்த்தால் அவர் சொன்னதே சரி. சாயங்கால வெளிச்சத்தில் தேக்குக்குப் பக்கத்தில் நீலம் எடுப்பாக இருக்கிறது. காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்தோம். வீடு கழுவும் தண்ணீர்தான் பீரோவை அடியிலிருந்து தின்கிறது.

சுவரும் தரையும்

வீட்டு உரிமையாளர் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் சுவரில் ஒன்றும் செய்யவில்லை. தரைக்குப் பவானி ஜமக்காளம், 1,350 ரூபாய். சிவப்பும் நீலமும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும் பழைய வகை. அதிலிருந்து ஒரு நீலத்தை எடுத்து ஜன்னலுக்குக் கைத்தறித் துணி 1,600, தையல்கூலி 500.

ஆனால் கூடத்தை உண்மையில் மாற்றியது பல்புதான். வீட்டில் இருந்தது 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட். அந்த வெளிச்சத்தில் இத்தனை பாடுபட்ட தேக்கு சாம்பல் பூத்தது மாதிரி இருந்தது. பாலிஷ் சரியில்லையோ என்று இரண்டு நாள் குழம்பினேன். அட்டையில் 2700 அல்லது 3000 என்று போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்ச பல்பு மூன்று, 600 ரூபாய். போட்ட அன்று மரத்தின் தேன் நிறம் எழுந்து நின்றது. அதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு பூச்சு பாலிஷ் மிச்சமாகியிருக்கும்.

கணக்கு

சாமானும் வண்டியும் 12,200. பாலிஷ், ஆல்கஹால், உப்புத்தாள், பூச்சி மருந்து, பெவிகால், ஆக்ஸாலிக் அமிலம், இழுப்பறைக்குப் பித்தளைக் கைப்பிடியும் பூட்டும் சேர்த்து 2,450. பீரோவுக்குப் பெயிண்ட் வகையறா 900. பிரம்பு 2,800. ஆசாரி அண்ணனுக்கு இரண்டு நாள் கூலி 2,400. ஜமக்காளம், திரை, பல்பு 4,050. மொத்தம் 24,800. நினைத்ததைவிட 2,800 ரூபாய் அதிகம். அதில் 1,200 டீப்பாய், 300 மழையில் போட்ட அந்த நாலாவது பூச்சு. எங்கள் கை உழைப்பு அறுபது மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கு விலை போட்டால் இந்தக் கணக்கே நிற்காது. வேலை பிடித்திருந்தால் மட்டும் இதில் இறங்கலாம். பிடிக்காதவர்கள் பிரம்பு மாற்றிய நாற்காலியைக் கடையிலேயே வாங்கிக்கொள்வது உத்தமம்.

டீப்பாய் பால்கனியில் இருக்கிறது. மஞ்சள் தீவின் மேல் துளசித் தொட்டி.

இன்னும் ஒன்று பாக்கி. கார்த்திகை மாதம் மேசையின் வலது இழுப்பறை இறுகிப்போய்த் திறக்கவே இல்லை. மழையில் மரம் ஊதியிருந்தது. மெழுகுவர்த்தி தேய்க்கலாமென்றால் வெளியே வந்தால்தானே தேய்க்க. கணவர் இழைப்புளி வாங்கி வரக் கிளம்பினார். எதற்கும் அண்ணனைக் கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன்.

"இழைச்சுடாதேம்மா. இப்ப இழைச்சா சித்திரையில கடகடன்னு ஆடும். தை பொறக்கட்டும், தானா திறக்கும்."

பொங்கல் முடிந்து எட்டாம் நாள் திறந்தது. உள்ளே இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த கேஸ் புத்தகம்.